டிரவுட்டும் மாசியும்

நுவரெலியாவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கென்று ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. 'குட்டி இங்கிலாந்து' என்ற அடைமொழி முதல் பத்தியிலேயே வந்துவிடும். பிறகு மூடுபனி, செங்கல் நிற அஞ்சல் நிலையம், குதிரைப் பந்தயத் திடல், கிரகரி ஏரியில் படகுச் சவாரி, டிரவுட் மீன் துள்ளும் ஓடைகள். தேயிலை மலைகள் தவறாமல் 'பச்சைக் கம்பளம்' விரிக்கும். அக்கம்பளத்தின்மேல் கூடை சுமந்த பெண்கள் வண்ணப் புள்ளிகளாகத் தெரிவார்கள். அத்துடன் கட்டுரை நிறைவடையும். அந்தப் புள்ளிகள் தமிழ் பேசுகின்றன என்னும் செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும், 'இங்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள்' என்ற வியப்போடு நின்றுவிடுகிறது. நாம் வியப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

2024 பொங்கல் விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் நால்வர் அங்கே சென்றிருந்தோம். கொழும்பிலிருந்து புகைவண்டி, நானுஓயாவில் இறங்கி மேலே ஏற வேண்டும். ஊர் ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியைப் பற்றி நாங்களும் இரண்டு பக்கம் எழுதலாம், எழுதத்தக்க பனிதான். காலை எட்டு மணிக்கு எதிரில் நிற்கும் சவுக்கு மரம் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படியான பனி. ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்டது பனி அல்ல, மீன். விடுதியின் உணவுப் பட்டியலில் டிரவுட்டுக்குத் தனிக் கட்டம் போட்டிருந்தார்கள். எங்களுடன் வந்த வரலாற்றுத் துறை நண்பர், 'இந்த மீன் இங்கே எப்படி வந்தது தெரியுமா?' என்று தொடங்கினார். அந்த மூன்று நாட்களும் பேச்சு அதை விட்டு விலகவில்லை.

டிரவுட் குளிர்நாட்டு மீன். தெளிந்த, விரைந்தோடும், உயிர்வளி மிகுந்த நீர் வேண்டும். வெப்பம் இருபது பாகையைத் தாண்டினால் துன்புறும். முட்டையிடச் சரளைக்கல் படுகை வேண்டும். வெப்ப மண்டலத் தீவு ஒன்றுக்கு இயல்பாக வந்து சேர அதற்கு வழியே இல்லை. ஆங்கிலேயர் அதைக் கொண்டுவந்தார்கள். உயிர்மீனைக் கப்பலில் கொண்டுவர இயலாது என்பதால் முட்டைகளாகக் கொண்டுவந்தார்கள். 1864-இல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில், பனிக்கட்டிக்கும் ஈரப் பாசிக்கும் நடுவே பொதிந்து டாஸ்மேனியாவுக்கு டிரவுட் முட்டைகளை உயிரோடு சேர்ப்பித்ததற்குப் பிறகு, பேரரசின் குளிர்மலைகள் எல்லாவற்றுக்கும் இந்த மீன் பயணம் செய்தது. 1880-களில் நுவரெலியாவுக்கு வந்தது பழுப்பு டிரவுட். அது இங்கே தானாக நிலைக்கவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது, ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் இனம் பெருக்கத் தொடங்கியது. 1896-இல் இலங்கை மீன்பிடி மன்றம் அமைந்தது. பொரிப்பகம், உரிமச் சீட்டு, செயற்கை ஈ கோத்த தூண்டில் என்று ஓர் ஒழுங்கு பிறந்தது.

பொரிப்பகத்தின் வேலை எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டுகளில் பரப்பிய முட்டைகளின்மேல் ஓயாமல் குளிர்நீர் ஓட வேண்டும். செத்த முட்டை வெளுத்துவிடும். அதை அன்றன்றே பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளும் கெடும். வெளிச்சம் கூடாது, அதிர்ச்சி கூடாது. எத்தனை வந்தன, எத்தனை செத்தன, எத்தனை பொரிந்தன என்று எண்ணி எழுதுவது பொரிப்பகங்களின் வழக்கம். ஒரு மலையூரின் பொழுதுபோக்குக்காக இவ்வளவு பரிவு.

இதே மலைக்கு இன்னொரு வருகையும் நிகழ்ந்தது. அதன் தொடக்கத்தை 1823 என்று கொண்டு, 2023-இல் மலையகத் தமிழர் தம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். முதலில் காப்பித் தோட்டங்களுக்கு. 1869-இல் காப்பியை இலைநோய் தாக்கித் தோட்டங்கள் அழியத் தொடங்கியபின் தேயிலைக்கு. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, நெல்லைப் பகுதிகளிலிருந்து பஞ்சமும் சாதியும் கடனும் துரத்த, கங்காணிகளின் பின்னால் புறப்பட்டவர்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடை. அம்மைக்கும் பேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒற்றைக் கணக்கு இல்லை. மீன்முட்டைக்கு இருந்த பேரேடு அவர்களுக்கு இல்லை.

இவ்விடத்தில் வாசகர் எங்களை நிறுத்திக் கேட்கலாம்: மனிதரையும் மீனையும் ஒரே துலாக்கோலில் வைப்பது முறையா? இந்த ஒப்புமையில் ஓர் ஆபத்து இருக்கிறது. டிரவுட் ஓர் அயல் இனம் என்பது உயிரியல் உண்மை. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே உள்ளன. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் மட்டுமே வாழும் சிற்றிறால் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். பசித்த வேட்டை மீனுடன் அது ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மீனைப் பொறுத்தவரை 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி அறிவியலுக்குத் தேவையான கேள்வி. அதே கேள்வியை மனிதரை நோக்கித் திருப்பும்போது அது அறிவியலாக இருப்பதில்லை, அரசியலாகிவிடுகிறது. 1948-இல் நேர்ந்தது அதுதான். எனவே நாங்கள் ஒப்பிடுவது மீனையும் மனிதரையும் அல்ல. கொண்டுவந்தவர்களும் பின்னால் ஆண்டவர்களும் இரண்டின்மீதும் காட்டிய கவனத்தை.

1947 தேர்தலில் நுவரெலியாத் தொகுதி சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அண்டைத் தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை சென்றார். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் அன்று எழுவர் இருந்தனர். அடுத்த ஆண்டு வந்தது 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். தந்தையோ பாட்டனோ இத்தீவில் பிறந்ததைச் சான்றுடன் நிறுவு என்றது சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? வாக்குரிமையும் போயிற்று, 1952 தேர்தலில் அவர்களின் குரலுக்கு ஓர் இருக்கையும் இல்லை. நுவரெலியாவின் ஓடைகளில் மீனுக்கு விதிகள் இருந்தன. கரையில் நின்றவர் எந்த நாட்டு மக்களும் அல்லர் என்று ஆயிற்று.

விதிகளைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் ஒரு முதியவர். ஹக்கலை செல்லும் சாலையில் ஒரு தேநீர்க் கடை. எண்பதைத் தாண்டியவர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். எங்கள் பேச்சைக் கேட்டு, 'ஊர்லேருந்தா வந்தீங்க?' என்றார். அவர் தலைமுறைக்கு 'ஊர்' என்றால் தமிழ்நாடு. அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டனார் துறையூர்ப் பக்கம் என்று மட்டும் தெரியும். டிரவுட் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருவது நலம்:

'தொரைக்கு ஞாயித்துக்கெழமயானா மீன் பிடிக்கணும். கூடையத் தூக்கிக்கிட்டு நா பின்னால போவேன். சின்ன மீனு மாட்டுச்சுன்னா கொக்கிய மெதுவாக் கழட்டித் தண்ணியில உட்ருவாரு. அது புள்ள, வளரட்டும்பாரு. எனக்கு அப்ப பன்னண்டு வயசு. அரைப்பேருக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தேன்.'

'அரைப்பேர்' என்பது தோட்டத்துச் சொல். நாள்முழுதும் உழைத்தவனுக்குப் பேரேட்டில் ஒரு பேர். சிறுவர்க்கு அரைப்பேர், அதாவது அரைக்கூலி. முதியவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. துரையின் கைப்பக்குவத்தை வியந்தே சொன்னார். கொக்கி கழற்றும் விதத்தை விரலால் நடித்தும் காட்டினார். 'அந்த மீனைச் சாப்பிட்டிருக்கிறீர்களா ஐயா?' என்று கேட்டோம். சிரித்தார். 'நமக்கு எதுக்கு அது? நமக்குக் கருவாடுதான்.'

அந்தச் சிரிப்பிலிருந்துதான் மாசியின் நினைவு வந்தது. ஆள்கட்டிகள் ஊர் ஊராகச் சென்று சொன்ன ஆசைவார்த்தை மலையகத்தில் இன்றும் வழங்குகிறது: தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பது. மாசி என்பது மாலைத்தீவுப் பக்கத்திலிருந்து வரும் சூரை மீன் கருவாடு. கட்டையைப் போல இறுகியது. இடித்துச் சம்பலில் போட்டால் வீடே மணக்கும். பஞ்சத்தில் வாடிய ஒருவனிடம் பொன்னையும் மணியையும் சொல்லி ஆசை காட்டவில்லை, தேங்காயையும் கருவாட்டையும் சொன்னார்கள் என்பதைச் சற்று நின்று நினைக்க வேண்டும். அவன் கனவின் அளவை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள். எந்தத் தூரிலும் மாசி கிடைக்கவில்லை. கருவாடு தோட்டத்துக் கடையில் கிடைத்தது, கடனுக்கு.

ஆக, இவ்வூருக்கு இரண்டு மீன்கள். ஒன்று ஓடையில் உண்மையாகவே விடப்பட்டது. மற்றது தேயிலைத் தூரில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. முதல் மீனைப் பற்றி எழுதும் எவரும் இரண்டாவதைப் பற்றியும் எழுதக் கடமைப்பட்டவர் என்பது எங்கள் துணிபு. தமிழில் எழுதுபவர் இரட்டைக் கடமைப்பட்டவர். நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2021-இல்தான் தோட்டத் தொழிலாளர் அதைப் பெற்றார்கள். எங்கள் விடுதியில் ஒரு தட்டு டிரவுட்டின் விலை அதைப்போலச் சில மடங்கு. (சுவையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எலுமிச்சையும் வெண்ணெயும் சேர்த்துப் பொரித்திருந்தார்கள். நெல்லைக்கார நாக்குக்கு அயிரைக்குழம்பின் பக்கத்தில்கூட நிற்காது.)

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே வேறொரு சிக்கலும் உண்டு. மலையும் மலைசார்ந்த இடமும் என்றதும் நம் மனம் குறிஞ்சிக்குப் போய்விடுகிறது. தினையும் தேனும் யாழும் முருகும் வரிசையில் வந்து நிற்கின்றன. திணைக் கோட்பாடு நிலத்தை அதன் உயிர்களோடும் உணவோடும் தொழிலோடும் மக்களோடும் சேர்த்தே காணச் சொல்கிறது. கருப்பொருள் என்பது அதுதான். அந்தக் கண்ணால் நுவரெலியாவைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். இங்குள்ள கருப்பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் வந்தவை. தேயிலை வந்தது, யூக்கலிப்டசு வந்தது, காரட்டும் லீக்சும் வந்தன, 1861-இல் சின்கோனாவுக்காக ஹக்கலைத் தோட்டம் போட்டார்கள். 1840-களில் இங்கே வந்து ஓர் ஆங்கிலச் சிற்றூரையே உருவாக்க முயன்ற சாமுவேல் பேக்கர், பண்ணைக் கால்நடைகளைக்கூடக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். இருந்த விலங்குக்கும் வந்த பெயரைச் சூட்டினார்கள். நம் கடமானை, இலங்கைத் தமிழில் மரை எனப்படுவதை, அவரும் அவரொத்தாரும் 'எல்க்' என்று வடநாட்டு மான் ஒன்றின் பெயரால் அழைத்தே நாய்களை ஏவி வேட்டையாடினார்கள். அவர் பெயரில் பெலிஹுல் ஓயாவில் அருவி இருக்கிறது. 'மகா எலிய' என்றிருந்த சமவெளிக்கு ஆளுநர் ஹோர்ட்டனின் பெயர். ஏரிக்கு ஆளுநர் கிரகரியின் பெயர். கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் நிலத்தில் பெயர் இருக்கிறது.

பழைய கருப்பொருளும் எஞ்சியிருக்கிறது. பல ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் ஒருசேரப் பூக்கும் 'நெலு' என்ற புதர், நம் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்ததே. அதைத் தமிழ்ப் பயணிகள் பெருமிதத்தோடு படம் எடுப்பார்கள். குறிஞ்சி பூத்ததைக் கொண்டாடும் கண்ணுக்கு, அதே மலையில் ஐந்தாறு தலைமுறையாகத் தமிழ் பூத்திருப்பது தெரியாமல் போவானேன்? மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. தப்பு முழங்குகிறது. கவ்வாத்து, பெரட்டு, கொழுந்து, லயம், காம்பரா என்று ஒரு தொழில்மொழி உருவாகியிருக்கிறது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த மலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. பாலையின் பொருளைக் குறிஞ்சி நிலத்தில் வைத்துப் பாட வேண்டிய நிலை. இதைத் திணைமயக்கம் என்று கூறி எளிதாகக் கடந்துவிட முடியாது.

பிரிவும் ஒருமுறையோடு முடியவில்லை. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்கப்படாதவர்கள் அந்தப் பத்து இலட்சம் பேர் மட்டுமே. அப்படி அனுப்பப்பட்டவர்களுள் கணிசமானோர் வந்து சேர்ந்த இடம் நீலகிரி. அவர்களுக்கு வேலை தரவென்றே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று பரவினார்கள். அங்கும் பனி, அங்கும் தேயிலை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட அதே டிரவுட் அவலாஞ்சியின் நீரில். இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இரு நாடுகளும் அவர்களைப் பெயரிட்டு அழைக்கும்போது அடுத்த நாட்டைத்தான் சுட்டின. இலங்கையில் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை முற்றாகத் தீரும் வழி 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இவையெல்லாம் தமிழில் எழுதப்படாதவை அல்ல என்பதே வருத்தத்தைக் கூட்டுகிறது. புதுமைப்பித்தன் 1935-இலேயே 'துன்பக்கேணி' எழுதிவிட்டார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' தலைப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும் நாவல். பச்சைக் கம்பளம் என்று எழுதத் துணிபவர் அதை ஒருமுறை புரட்டினால் பேனா தயங்கும். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். தெளிவத்தை ஜோசப் கதைகள் எழுதியதோடு மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார்; 2013-இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு அதுவே முதல் அறிமுகம். 2022-இல் அவர் மறைந்தார். எங்களுக்குத் தெரிந்த கல்லூரிப் பாடத்திட்டங்களில் 'ஈழத்து இலக்கியம்' என்ற அலகு உண்டு. அதில் யாழ்ப்பாணம் உண்டு, போர் உண்டு, புலம்பெயர்வு உண்டு. மலையகம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். துன்பக்கேணியையும் புதுமைப்பித்தன் என்ற தலைப்பின்கீழ் நடத்துகிறோமே தவிர, மலையகம் என்ற தலைப்பின்கீழ் நடத்துவதில்லை.

2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையில் மக்கள் மீண்டும் நடந்தார்கள். இருவாரத்துக்கு மேல் நீண்ட நடை அது. தமிழ்நாட்டு இதழ்களில் அதைப் பற்றி நாங்கள் படித்த பக்கங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதே ஆண்டில் நுவரெலியாச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரைகளை எண்ண இரு கைகளும் போதாது.

வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழு ஆனியில் கூடுகிறது. முதுகலை மூன்றாம் பருவத்தில் மலையக இலக்கியத்துக்கு ஒரு முழு அலகு வேண்டும் என்ற கோரிக்கையை எங்கள் நால்வரில் தமிழ்த் துறையினர் இருவரும் எழுதி வைத்திருக்கிறோம். 'தூரத்துப் பச்சை', ஜோசப்பின் சிறுகதைகள், வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்கள் என்பன எங்கள் முன்மொழிவு. படிகள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களோ, பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால், வேறு எந்த நூல்களைச் சேர்க்கலாம் என்று எழுதுங்கள். ஆனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.